பாதியில் நின்ற விரல்

சோளிங்கர் மலையடிவாரத்தில் ரோப் காருக்கு வரிசையில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. கார்த்திகை ஞாயிறு. முன்னாலும் பின்னாலும் தலை தலையாகக் கூட்டம். தேங்காய்ப் பையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த நேரத்தில் போன் அடித்தது. பேசியவர் காதர் பாய். ஆயுதப்படைக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அமுதா, எங்க இருக்க? மொதல்ல உக்காந்துக்க.”

“கியூல நிக்கிறேன் பாய். இங்க உக்கார ஏது எடம்? இன்னா விஷயம்?”

“ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. காலைல சர்ச்சுக்குக் கெளம்பும்போது நெஞ்சு வலின்னாங்களாம். வேலூர் போற வழியிலயே முடிஞ்சிடுச்சு.”

உட்கார இடமில்லை என்று சொன்ன நான் அந்த வரிசையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்த மருமகள், பூஜைக்கு வாங்கிய கல்கண்டை எடுத்து என் வாயில் போட்டாள். அதை மென்றுகொண்டேதான் அழுதேன். மலை ஏறவில்லை. நரசிம்மர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று வேலூர் பஸ் ஏறினேன்.

எங்கள் ஓய்வு பெற்ற காவலர் சங்க மலருக்கு ஆய்வாளர் ஸ்டெல்லா மேரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்? அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும். பக்கம் கூடினால் மலர்க் குழு என்னை மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் நான் குறைக்கப் போவதில்லை.

அவர் எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர். இருவரும் கான்ஸ்டபிள்களாக இருந்தபோது ஆம்பூர் போலீஸ் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. “அக்கா, கொஞ்சம் புளி இருக்கா?” என்று கேட்டு வருகிற ஸ்டெல்லாவாகத்தான் அவரை எனக்குத் தெரியும். பிறகு துறைத் தேர்வு எழுதி எஸ்.ஐ. ஆகி, நான் ஏட்டாக இருந்த அதே காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் நாள் காலையில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, “குட் மார்னிங் மேடம்” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பின் அறைக்கு இழுத்துப் போனார்.

“அக்கா, இன்னா இது? நேத்து வரைக்கும் வாடி போடின்னுட்டு இன்னிக்கு மேடமா?”

“நட்சத்திரத்துக்குத்தான் சல்யூட்டு. உனக்கில்ல” என்றேன்.

அன்றிலிருந்து நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்களில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று நிலையத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்களுக்கும் சரியாக விளங்கவில்லை.

எஸ்.ஐ. ஆனதும் அவருக்குக் கொடுத்த ஆயுதம் வெள்ளைக்காரன் காலத்து முப்பத்தெட்டு ரிவால்வர். புதுப் பிஸ்டல்கள் மாவட்டத்துக்கு வந்திருந்தன. ஆனால் அவை வந்த வழியிலேயே பெரிய இடுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பெண் எஸ்.ஐ.க்கு எது கொடுத்தால் என்ன, உறையிலிருந்து எடுக்கவா போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ரிவால்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில ரகங்களில் பின்னால் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் முதலில் இழுத்து நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விசையை லேசாகத் தொட்டாலே போதும். இதில் கட்டைவிரல் வைக்கும் கொக்கியே கிடையாது. சுத்தியலைத் தூக்குவது, குண்டு இருக்கும் உருளையைத் திருப்புவது, கடைசியில் சுத்தியலை விடுவது என்று எல்லா வேலையையும் சுட்டு விரல் ஒன்றே செய்ய வேண்டும். கிணற்றிலிருந்து அரைக்குடம் தண்ணீரை ஒற்றை விரலால் தூக்குகிற பாரம் அது. அதிலும் பிடி பெரிது. மேடத்தின் கை சின்னது. விசைக்கு விரல் நுனிதான் எட்டியது.

முதல் வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சிக்கு மலையடியில் இருக்கும் மைதானத்துக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் சுடுவது ஒரு சடங்கு. “ரெண்டு விரலையும் போட்டு இழுங்க மேடம். கணக்குக்குச் சுட்டாப் போதும்” என்றார் பயிற்சி கொடுக்கும் அதிகாரி. மேடம் முறைத்தார்.

“கணக்குக்குச் சுடறதுன்னா பட்டாசு போதுமே சார். துப்பாக்கி எதுக்கு?”

சொல்லிவிட்டு ஒற்றை விரலால் இழுத்தார். உதட்டைக் கடித்து, தோளைத் தூக்கி, உடம்பு மொத்தமும் சேர்ந்து அந்த விசையை இழுத்தது. இழுக்கிற வேகத்தில் குழல் முனை கீழே சரிந்தது. குண்டுகள் எல்லாம் இலக்குக்கு முன்னால் இருந்த மண்ணில் புதைந்தன. “மேடம் மண்ணுக்கு மரண தண்டனை குடுத்துட்டாங்க” என்று யாரோ சொல்ல, மைதானமே சிரித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்து நடந்ததுதான் அவரை உலுக்கியது.

கடைசிக் குண்டுக்கு விசையை இழுத்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு இலக்குப் பலகைக்கு முன்னால் வந்து நின்றது. “நிறுத்து!” என்று அதிகாரி கத்தினார். மேடத்துக்கு அது கேட்டது. ஆனால் விரல் நிற்கவில்லை. குண்டு பாய்ந்தது. ஆட்டின் காலடியில் மண் தெறித்தது, ஆடு மே என்று கத்திக்கொண்டு மலைப்பக்கம் ஓடியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேடம் மட்டும் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் சொன்னார்: “நிறுத்துன்னு சொன்னது காதுல விழுந்துச்சு அக்கா. நிறுத்தணும்னு நெனச்சேன். முடியல. ஆடா இருந்ததால சிரிக்கிறோம். மனுஷனா இருந்தா?”

“மனுஷன் எதுக்கு அங்க மேய வர்றான்?” என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. “என் விரல் நான் சொன்னா கேக்கணும். போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும். இல்லன்னா இதை இடுப்புல கட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடக்க எனக்கு யோக்யதை இல்ல.”

மறுநாளே காதர் பாயிடம் போனோம். பாய் ரிவால்வரை வாங்கி, குண்டு இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இது ஸ்பிரிங் பாரம் மட்டும் இல்ல மேடம். உள்ள ஏதோ இழுக்குது” என்று பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே விசைக்கும் சுத்தியலுக்கும் நடுவில், பழைய எண்ணெயோடு சேர்ந்து ஏதோ மஞ்சளாக இறுகிக் கிடந்தது. பாய் ஊசியால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்த்தார். மேடமும் மோந்து பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னா அது?” என்றேன்.

“நீயே பாரு அமுதா” என்று ஊசியை என்னிடம் நீட்டினார் பாய்.

சந்தனம். வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். ரிவால்வர் சின்னது. பூசுகிறவர் பக்தியோடு விசைக்கு மேலேயே ஒரு அப்பு அப்பிவிடுவார். அது இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, எண்ணெயில் ஊறிக் காய்ந்து, நாடு சுதந்திரம் வாங்கியதிலிருந்து சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு முஸ்லிமுக்கும் கிறிஸ்துவருக்கும் அங்கே நாக்கு வரவில்லை. சாமி விஷயம், நமக்கெதற்கு வம்பு என்று இருவரும் என்னை முன்னால் தள்ளினார்கள். நான் போய்க் கிடங்கு அதிகாரியிடம் சொன்னேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தெய்வக் குற்றமாகிவிடுமோ என்று ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் மேடம்தான் வழி சொன்னார்: “துப்பாக்கிய சும்மா வெச்சிட்டு, தோல் உறைக்குப் பொட்டு வெச்சிடலாமே சார். சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதானே?” அந்த வருடத்திலிருந்து எங்கள் கிடங்கில் உறைகளுக்குத்தான் பொட்டு.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்ததில் பாரம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். “ஸ்பிரிங்கையும் கம்மி பண்ணிடட்டா மேடம்?” என்று கேட்டார் பாய்.

“பண்ணா?”

“விசை லேசாய்டும். ஆனா சுத்தியல் அடிக்கிற அடியும் லேசாய்டும். நம்மகிட்ட இருக்கிறது பழைய தோட்டா. வெடிக்கலாம், வெடிக்காம பேஜார் பண்ணலாம்.”

“வேணாம் பாய். அதை அப்படியே வுடுங்க. நான் மாறிக்கிறேன்.”

மாறுவதற்கு அவர் பிடித்த வழியை என்னால் மறக்கவே முடியாது. அவருடைய தம்பி ஆம்பூரில் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். பெல்ட்டில் ஓட்டை போடும் பிளாஸ் ஒன்றை அங்கிருந்து கேட்டு வாங்கி வந்தார். கூடவே ஒரு மூட்டைத் துண்டுத் தோல். வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து, பிளாஸின் ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கைப்பிடியைச் சுட்டு விரலால் மட்டும் இழுப்பார். முதலில் செருப்புக்கு உள்ளே ஒட்டும் மெல்லிய தோல். பிறகு ஷூவின் மேல்தோல். கடைசியில் அடித்தோல். ரிவால்வர் பிடியிலும் கையைச் சற்றுத் திருப்பிப் பிடித்து, விரல் நுனியை விட்டுவிட்டு, முதல் மடிப்பில் பாரத்தைத் தாங்கக் கற்றுக்கொண்டார். கை ஆடாமல், தோள் ஏறாமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் நகரும், ஓட்டை கோணலாகும். வீடு முழுக்கத் தோல் பொட்டுகள். ஒருநாள் என் வீட்டுச் சாம்பாரில் மிளகு என்று கடித்தேன். தோல்.

ஓட்டை போடப் பழகியதும் அடுத்த பாடம் ஆரம்பித்தது. அது எனக்கும் சேர்த்துத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவர் பிளாஸை இழுத்துக்கொண்டே இருப்பார். எப்போது வேண்டுமானாலும் நான் “நில்லு” என்று சொல்லலாம். சொன்ன நொடியில் விரல் நிற்க வேண்டும், மெதுவாகத் திரும்பி வர வேண்டும். தோலில் பள்ளம் விழலாம், ஓட்டை விழக் கூடாது. ஆரம்பத்தில் எல்லாமே ஓட்டை. “போச்சு, ஆடு செத்துச்சு” என்பேன். அவர் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். மாதக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் நான் எந்த இடத்தில் சொன்னாலும், எவ்வளவு தாமதமாகச் சொன்னாலும், பள்ளத்தோடு நின்றது. பள்ளம் மட்டும் விழுந்த ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பரீட்சையில் பாஸான பிள்ளை போலச் சிரித்தார்.

அடுத்த வருடப் பயிற்சியில் அவர் சுட்டவை எல்லாம் வட்டத்துக்குள் விழுந்தன. பயிற்சி அதிகாரி இலக்குப் பலகையை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “துப்பாக்கிய மாத்திட்டீங்களா மேடம்?” என்றார். “இல்ல சார். விரலைத்தான் மாத்தினேன்” என்று சொல்லிவிட்டு மேடம் நகர்ந்துபோனார். நான்தான் மைதானத்தில் ஒருவர் விடாமல் எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

அவரிடம் குறையே இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு பந்தோபஸ்துப் பட்டியலில் என் பெயரை என்னைக் கேட்காமல் மாற்றியதற்காக நான் சண்டை போட, முழுசாக ஒரு மாதம் என்னோடு சைகையிலேயே பேசினார். சர்ச் பாடகர் குழுவில் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லோரையும்விட உரக்கப் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர் செய்யும் கேக்கைச் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு சின்ன ஷாப்பிலிருந்து, மதிய நேரத்தில் நிலையத்துக்குப் போன் வந்தது. பேசியவர் மேனேஜர். “லேபரெல்லாம் கத்திய எடுத்துட்டாங்க. என்னைக் கொன்னுடுவாங்க, சீக்கிரம் வாங்க” என்று அலறினார். அவ்வளவுதான் சொன்னார். மேடமும் நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஜீப்பில் போனோம். கேட்டுக்கு உள்ளே, உப்புத் தோல் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் இறங்கி நின்றோம். உள்ளே தோல் உருட்டும் டிரம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. மேனேஜர் ஆபீஸ் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு இருந்தார். அறைக் கதவை ஒரு கும்பல் உடைத்துக்கொண்டிருந்தது.

அப்போது டிரம் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். கையில் தோல் அறுக்கும் நீளக் கத்தி. வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டே எங்களை நோக்கி நேராக வந்தான். மேடம் ரிவால்வரை எடுத்து நீட்டினார். “நில்லு! கத்தியக் கீழ போடு!” என்றார். அவன் நிற்கவில்லை. வேகம் கூடியது. எனக்கும் அவனுக்கும் நடுவில் மேடத்தின் நீட்டிய கை மட்டும் இருந்தது.

அவர் பக்கத்திலேயே நின்ற நான் பார்த்தேன். விரல் விசையை இழுத்தது. உருளை திரும்பியது. சுத்தியல் பின்னால் எழுந்தது, மேலே மேலே எழுந்தது. வாசற்படியில் மாதக்கணக்காக “நில்லு” சொன்னவளுக்கு அன்று தொண்டையில் சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொள்ளவும் தோன்றவில்லை. சுத்தியல் கடைசி இடத்துக்குப் போகும் முன்னால் நின்றது. பிறகு அது எவ்வளவு மெதுவாகப் போனதோ அவ்வளவு மெதுவாகத் திரும்பி வந்தது.

அவன் எங்களைத் தாண்டி ஓடினான். எங்களை அவன் பார்க்கக்கூட இல்லை. அவன் கண் ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குப் பின்னால் நின்ற லாரி மேல்தான் இருந்திருக்கிறது. அதை மேடம் பார்த்துவிட்டார். நான் பார்க்கவில்லை. லாரியில் சுமையைக் கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினான். இந்த முறை பக்கத்தில் வந்ததால் அவன் கத்தியது காதில் விழுந்தது. “தொட்டில ரெண்டு பேரு! எங்க அண்ணன் உள்ள இருக்கான்!”

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிடப்பட்ட இரண்டு பேர் விஷவாயுவில் சிக்கியிருந்தார்கள். கயிறு இருந்த ஸ்டோர் சாவி மேனேஜரிடம். அவரோ கூட்டத்தைக் கண்டு பயந்து தாழ் போட்டுக்கொண்டார். கதவை உடைத்தது அந்தச் சாவிக்காக. அவர் போனில் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி வந்திருப்போம். நாங்களும் தொட்டியிடம் ஓடினோம். சேகர், அதுதான் அவன் பெயர், கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்கப் போனான். மேடம் அவனைக் கட்டிப் பிடித்து இழுத்தார். “எறங்காத! எறங்கினா நீயும் போய்டுவ!” அண்ணன் உள் ஏணியில் பாதி மயக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினார்கள். அவருக்குக் கையை நுழைக்கும் அளவுக்கு நினைவு இருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தோம். அவர் பிழைத்தார். அடியில் கிடந்தவரைத் தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தது. அவர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவி கணியம்பாடியிலிருந்து வந்து சேர்ந்தபோது, மேடம்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் நிலையத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். “நல்ல வேளை மேடம், பழைய துப்பாக்கி. புதுசா இருந்திருந்தா தொட்டதும் வெடிச்சிருக்கும். அந்தப் பாரம்தான் அவன் உசுரக் காப்பாத்துச்சு.”

அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “துப்பாக்கிக்கு எதுக்கு அக்கா புண்ணியம் குடுக்கறீங்க? அன்னிக்கு ஆட்டுக்கு முன்னாடியும் இதே துப்பாக்கிதான், இதைவிடப் பாரம் ஜாஸ்தி. நின்னுச்சா? பாரத்தோட மல்லுக்கு நிக்கிறவளுக்கு நடுவுல நிறுத்த முடியாது. எப்படா இழுத்து முடிப்போம்னுதான் இருக்கும். இழுக்கிறது கஷ்டமா இல்லாதவதான் நிறுத்துவா.”

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “எவ்ளோ தூரம் போச்சு? நீங்க பாத்தீங்க இல்ல?”

“மேல போய்டுச்சு மேடம்.”

“இன்னும் ஒரு நூல் இருந்திருக்குமா?”

“அவ்ளோதான் இருந்திருக்கும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. துப்பாக்கியைக் காட்டி எச்சரித்ததாகத்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுத்தியல் எங்கே போய் நின்றது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மேடத்தை அடக்கம் செய்த அன்று ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். காக்கியில் பாதி, காக்கியைக் கழற்றியவர்கள் பாதி. பாடகர் குழு பாடியபோது, உரக்கப் பாடும் அந்தக் குரல் இல்லாமல் பாட்டு முதல்முறையாகச் சுருதியோடு இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. தள்ளி வந்து மரத்தடியில் நின்றபோது, நரைத்த தலையோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அமுதாம்மா தானே? என்னத் தெரியுதா? சேகரு. அன்னிக்குக் கயிறு அறுத்தேனே.”

தோல் வேலையை விட்டுவிட்டுக் குடியாத்தத்தில் தறி போட்டிருப்பதாகச் சொன்னார். அண்ணனுக்கு இப்போதும் மூச்சிரைப்பு இருக்கிறது, ஆனால் இருக்கிறார் என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மனிதனுக்கு முன்னால் குண்டு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று தெரிந்த ஒரே ஆள் இனி நான்தான். தன்னை மிரட்டியதோடு விட்ட நல்ல அம்மா என்று நினைத்து மாலையோடு வந்திருக்கிறார். அவரிடம் சொல்வதா, இதை நானும் மண்ணோடு விட்டுவிடுவதா என்று தவித்தேன். சேகரே பேச்சை எடுத்தார்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா, அவங்க என்னைச் சுட இருந்தாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு சொன்னா?”

“அவங்களேதான். அண்ணன ஆஸ்பத்திரில வெச்சிருந்தோமே, அங்க வந்தாங்க. யூனிஃபார்ம் இல்ல, சேலைல வந்தாங்க. மொதல்ல அடையாளமே தெரியல. வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய், ‘தம்பி, நீ கொல்ல வர்றேன்னு நெனச்சு உன்னைச் சுட இருந்தேன். விரல் முக்காலுக்கு மேல போய்டுச்சு. உனக்குத் தெரியாமலே நல்லவளா நான் திரியக் கூடாது. மன்னிச்சிடு’ன்னாங்க.”

“நீ இன்னாப்பா சொன்ன?”

“கண்டபடி திட்டினேன்மா. அண்ணன் அங்க மூச்சுக்குத் தவிக்கிறான், நான் அவனுக்காகக் கயித்துக்கு ஓடினேன், என்னைப் போய்ச் சுடுவியான்னு… வாயில வரக் கூடாததெல்லாம் வந்துச்சு. வராண்டாவே வேடிக்கை பாத்துச்சு. ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. நான் ஓயற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் கும்பிட்டுட்டுப் போய்ட்டாங்க. ஆறு ஏழு மாசம் கழிச்சுத்தான் எனக்கு ஒறச்சுது. அவங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? சொல்லுன்னு யாராவது கழுத்தப் புடிச்சாங்களா? என் கல்யாணத்துக்கு நானே போய்ப் பத்திரிகை வெச்சேன். வந்தாங்க.”

எனக்கு அந்த இடத்தில் மேடம் மேல் கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, புளியும் மிளகாயும் வாங்கிக்கொண்டு, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே. அப்புறம்தான் புரிந்தது. என்னிடம் சொன்னால் நான் சமாதானம் சொல்வேன். துப்பாக்கிக்குப் புண்ணியம் கொடுத்தவள்தானே நான். யாரிடம் சொன்னால் திட்டு விழுமோ அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டவள் நான். தவறாகச் சுட்டதையே இல்லை என்று சாதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடாமல் விட்டதற்குப் போய் மன்னிப்புக் கேட்ட அதிகாரி எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பெட்டியை இறக்கினார்கள். சேகர் முன்னால் போய் மண் போட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டே, ரொம்ப நாளாக மனத்தில் வைத்திருந்தது போலக் கேட்டார்.

“நீங்க பக்கத்துல நின்னீங்களே. என்னை நோக்கி நீட்டினப்போ அவங்க கை நடுங்குச்சாம்மா?”

“இல்லப்பா” என்றேன். “நீ எங்களத் தாண்டிப் போனப்புறம்தான் நடுங்குச்சு. துப்பாக்கிய உறைக்குள்ள போடவே முடியல. நான்தான் அந்தக் கையைப் புடிச்சு உள்ள போட்டேன்.”

சேகர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேடத்தைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் ஒன்றை நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் குறி தவறாமல் சுட்டதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நேர்மையை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உயிரை எடுக்காமல் திரும்பி வந்த அந்தக் கை, என் இரண்டு கைக்குள்ளும் அடங்காமல் நடுங்கியதே, அது மட்டும் எனக்கு இருக்கட்டும்.